ஒப்படையியல்: நன்றியுரையின் பருமனும் வினாவின் இன்மையும்

ஓலைச்சுவடி, செப்பேடு, கல்வெட்டு, காணி உறுதி என்று யாழ்ப்பாணத்தார் விட்டுச்சென்ற எழுத்துகளை எல்லாம் அறிஞர்கள் துருவித் தீர்த்துவிட்டார்கள். தரம் 10, 11இல் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கும் ஒப்படையை மட்டும் ஒருவரும் சீண்டியதாகத் தெரியவில்லை. அந்தக் குறையை நீக்கவே இச்சிற்றாய்வு. இதற்கான சான்றுகள் உறவுக்காரர் வீட்டு அலுமாரிகளின் மேல்தட்டிலும் கட்டில்களின் கீழும் கண்டெடுக்கப்பட்டவை. அவற்றுள் ஒன்று, மாரி ஒழுக்குக்கு வைத்த வாளி ஆடாமல் இருக்க முண்டு கொடுத்திருந்த நிலையில் மீட்கப்பட்டது. எழுத்து அழிந்திருந்தாலும் ஓரக்கோடு அழியவில்லை.

முதலில் சொல்லாராய்ச்சி. பாடசாலை மட்டக் கணிப்பீட்டுக்காக ஆசிரியர் ஒரு தலைப்பைக் கொடுப்பார். மாணவர் தேடி, ஆராய்ந்து, எழுதி, கட்டிக் கொடுக்க வேண்டும். இதற்கு நம்மவர் வைத்த பெயர் ஒப்படை. ஒப்படைத்தல் என்ற வினையிலிருந்து வந்தது. அந்த வேரைக் கிண்டிப் பார்த்தால் தேடுதலும் இல்லை, ஆராய்தலும் இல்லை, எழுதுதலும் இல்லை. கையளித்தல் மட்டும்தான் இருக்கிறது. பெயர் வைத்தவர் தீர்க்கதரிசி.

இனி உடற்கூறு. முகப்பு, நன்றியுரை, பொருளடக்கம், அறிமுகம், பிறகு இடையில் ஏதோ ஒன்று, முடிவுரை, உசாத்துணை. இவற்றுள் நன்றியுரையே மிகுந்த வளர்ச்சி கண்ட உறுப்பு. எல்லாம் வல்ல இறைவனில் தொடங்கி, அதிபர், பகுதித் தலைவர், பாட ஆசிரியர், வகுப்பாசிரியர், பெற்றோர், நண்பர்கள் என இறங்கி, கணினியில் றைப் பண்ணித் தந்த கொமினிக்கேசன் கடை அண்ணாவில் முடியும். நன்றியுரையின் நீளமும் உள்ளடக்கத்தின் ஆழமும் நேர்மாறு விகிதத்தில் இருப்பதை இவ்வாய்வாளர் திரும்பத் திரும்பக் கண்டார். இன்னொன்றையும் கண்டார். இரவிரவாக விழித்திருந்து முழுவதையும் எழுதிக் கொடுத்த மூத்த அக்காவின் பெயர் எந்த நன்றியுரையிலும் இல்லை. படைப்பாளருக்கு நன்றி சொன்னால் படைத்தது யார் என்ற கேள்வி எழுமல்லவா?

மதிப்பீட்டு முறை பற்றி எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. நான் படித்த பள்ளிக்கூடத்தின் பெயர் இங்கே வேண்டாம். ‘பனை வளம்’ என்று ஓர் ஒப்படை எழுதினேன். நாலாம் பக்கத்தில் ஓரக்கோடு போட மறந்ததற்கு மூன்று புள்ளி வெட்டு விழுந்தது. அதே நாலாம் பக்கத்தில் ஆண்பனையும் பெண்பனையும் நுங்கு தரும் என்று எழுதியிருந்தேன். அதற்கு அழகான சரி அடையாளம். எங்கள் வளவில் ஐந்து பனை நின்றது. வாசலைத் தாண்டி அப்புவிடம் ஒரு சொல் கேட்டிருந்தால், ஆண்பனை பூக்குமே தவிரக் காய்க்காது என்று ஏச்சோடு சேர்த்துச் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை. பனையைப் பற்றி எழுதுவதற்கும் வளவில் நிற்கும் பனைக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று அன்று எனக்குத் தோன்றவேயில்லை.

அண்மைக்கால ஒப்படைகளில் ‘தொகு’ என்ற அறிஞரின் செல்வாக்கு ஓங்கியிருக்கிறது. டெங்கு, பொலித்தீன், நல்லூர்த் திருவிழா, போதைப்பொருள் என எந்தத் தலைப்பை எடுத்தாலும் உபதலைப்புகளின் வலப்பக்கத்தில், சதுர அடைப்புக்குள், அவர் நிற்கிறார். வரலாறு, தொகு. காரணங்கள், தொகு. யார் இந்தப் பன்முகப் புலவர் என்று நானும் கொஞ்சம் தடுமாறித்தான் போனேன். பிறகு விளங்கியது: தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு பகுதியைத் திருத்தி எழுதுவதற்காக அழுத்தும் சொல் அது. பிள்ளை ஒரு எழுத்தும் விடாமல் பார்த்து எழுதியிருக்கிறது. இன்னொரு பிள்ளை ‘சான்று தேவை’ என்ற குறிப்பையும் முத்து முத்தான கையெழுத்தில் பிரதிபண்ணி, அடியில் சிவப்புக் கோடும் போட்டிருந்தது. ஆய்வுலகில் இவ்வளவு நேர்மையை நான் கண்டதில்லை.

விக்கிப்பீடியாவைக் குறை சொல்வதற்கில்லை. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவுக்கு அத்திவாரமிட்டவர்களில் முதன்மையானவர் யாழ்ப்பாணத்தவரான இ. மயூரநாதன். ‘தொகு’ என்பது வாசிக்கிறவனைப் பார்த்து, பிழை இருந்தால் நீயே வந்து திருத்து என்று சொல்லும் அழைப்பு. அழைப்பிதழை அப்படியே பிரதியெடுத்துவிட்டுக் கலியாணத்துக்குப் போகாமல் இருப்பதுதான் ஒப்படை மரபு.

பிரதியெடுத்தலின் உண்மையான ஆபத்து வேறு. யாழ்ப்பாணப் பொது நூலகம் பற்றிய ஒப்படைகளில் ஒரு வாக்கியத்தைப் பலமுறை கண்டேன். 1981இல் நூலகம் எரிக்கப்பட்டபோது நம் ஊர்ச் சரித்திரம் சொல்லும் பழைய நூலான யாழ்ப்பாண வைபவமாலையின் உலகில் இருந்த ஒரே பிரதியும் அழிந்துபோனதாம். 1933இல் க. மு. செல்லப்பா தம் வீட்டில் தொடங்கிய முயற்சி வளர்ந்து உருவான நூலகம் அது. ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. திரும்பிவராத சுவடிகளும் அவற்றுள் இருந்தன. ஆனால் வைபவமாலை 1879இலேயே பிறிற்றோவின் ஆங்கில மொழிபெயர்ப்பாகக் கொழும்பில் அச்சேறியது. தமிழிலும் அச்சாகி இன்றும் வாசிக்கக் கிடைக்கிறது. ஒரே பிரதி எரிந்தது என்று எழுதிய பிள்ளையே இரண்டு பக்கம் தள்ளி, உசாத்துணையில், யாழ்ப்பாண வைபவமாலையைச் சேர்த்திருந்தது. எரிந்த நூலை எங்கே வாசித்தாய் என்று கேட்க ஒருவரும் இருக்கவில்லை. இழப்பு உள்ளபடியே பெரியது. அதற்கு நாம் மிகைபோடத் தேவையில்லை. மிகை ஒன்று பிடிபட்டால், மற்ற உண்மைகளையும் எதிராளி அதோடு சேர்த்துத் தள்ளிவிடுவான்.

ஆராய்ச்சி நம் மண்ணுக்கு வராத பயிர் என்று சொல்லவும் வழியில்லை. அமெரிக்க மிஷனரிமார் 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரியில் படித்தவர் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரில் ஒருவர். மற்றவரும் அதே செமினரியில் படித்தவர்தான். தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது, தொட்டால் உதிரும் ஏடுகளோடு பட்ட பாட்டைப் பதிப்புரையில் எழுதினார். ஏட்டுக்கு ஏடு பாடம் மாறும். எதை நம்புவது, ஏன் நம்புவது என்று ஒவ்வொன்றாகத் தீர்க்க வேண்டும். அவருக்கு ஓரக்கோடு போட நேரம் கிடைத்திராது.

இங்கேதான் இவ்வாய்வின் நடுப்புதிர் எழுகிறது. பள்ளிக்கூடத்தில் ஆராயத் தெரியாத இதே சனம், வெளியில் உலகத் தரமான ஆய்வாளர். சான்று: கலியாண விசாரணை.

கனடாவிலிருந்து ஒரு பொருத்தம் வருகிறது என்று வையுங்கள். தரகர் சொல்வது ஒருதலைச் சான்று. அதை ஒரு பச்சைக் குழந்தைகூட நம்பாது. பெடியனோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவனைத் தேடிப்பிடிப்பார்கள். அது முதனிலைத் தரவு. ஸ்காபரோவில் இருக்கும் ஒன்றுவிட்ட அக்கா, வேறு ஏதோ அலுவலாகப் போவதுபோல, அவன் வேலை செய்யும் இடத்தை எட்டிப் பார்ப்பாள். அது கள ஆய்வு. சாதகக் குறிப்பை இரண்டு சாத்திரிமாரிடம் காட்டுவார்கள், ஒருவர் சொன்னதை மற்றவருக்கு மூச்சுக்கூட விடாமல். பெரிய ஆய்விதழ்களின் ஆசிரியர்கள் கட்டுரைகளை மதிப்பிட வைத்திருக்கும் முறையும் ஏறக்குறைய இதுதான். எல்லாவற்றுக்கும் மேலாக, இவர்களிடம் கூர்மையான ஒரு வினா இருக்கிறது: பெடியன் குடிப்பானோ? ‘பெடியனும் அவனது சூழலும்’ என்று தலைப்பு வைத்துக்கொண்டு எந்தத் தாயும் விசாரிக்கப் புறப்பட்டதில்லை.

ஒப்படைக்கோ ‘யாழ்ப்பாணமும் அதன் நீர்வளமும்’ என்றுதான் தலைப்பு வரும். சென்ற வருடம் என் மருமகனுக்கு வந்தது. முதல் மூன்று பக்கத்தைத் தொகுவின் துணையோடு முடித்துவிட்டு, “மாமா, நிலாவரைக் கிணத்துப் படம் ஒண்டு கலரில எடுத்துத் தாங்கோ” என்று வந்தான். இராமன் அம்பு விட்டுத் தண்ணீர் எடுத்த கதை ஏற்கனவே எழுதியாயிற்று. அந்தக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் ஏன் என்று கேட்டேன். தலைப்பில் அது இல்லையாம்.

எனக்கோ அதுதான் கதை முழுவதும். குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. நமக்கிருப்பது சுண்ணக்கல்லும், ஐப்பசி கார்த்திகையில் கொட்டும் மாரி மழையும்தான். மழைநீர் கல்லுக்குள் இறங்கி, கீழே இருக்கும் கடல்நீரின் மேல், பாரம் குறைந்த காரணத்தால் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் தாங்கும் என்பது கணக்கு. அதையே திருப்பிப் போட்டால் பயமாக இருக்கும்: மேலே ஓர் அடி இறங்கினால் கீழேயிருந்து உப்பு 40 அடி ஏறிவரும். துலாவால் அள்ளியதைக் கல் ஈடுகட்டியது. மிசின் வைத்து இறைப்பதை எல்லா இடத்திலும் ஈடுகட்ட முடியவில்லை. கிணற்றை ஊர்ச்சனம் கவனிப்பது சின்ன விஷயமுமல்ல. சுன்னாகத்தில் கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய் என்று எழுந்த முறைப்பாடு 2019இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வரைக்கும் போனது.

“நீர்வளத்தை விடு ராசா. எங்கட ஒழுங்கையில எந்தக் கிணறு, எப்ப இருந்து உவர்? அதை மட்டும் எழுது” என்றேன். அவன் என்னைப் பார்த்த பார்வையில், அம்மாவிடமே படத்தைக் கேட்டிருக்கலாம் என்ற வருத்தம் தெரிந்தது. ஆனாலும் கொப்பியோடு போனான்.

மூன்றாம் வீட்டில் ஓர் ஆச்சி. அவன் தன் ஒரு கேள்வியைக் கேட்க முன்னம் அவ ஏழு கேள்வி கேட்டிருக்கிறா. ஆற்ற மோன், தாய் எவடம், தேப்பன் இப்ப எங்க, தமக்கைக்குச் சரிவந்திட்டுதோ, இப்படி. எல்லாவற்றுக்கும் விடை பெற்ற பிறகுதான் தரவு கிடைத்தது. “பக்கத்துக் காணிக்காரன் மிசின் பூட்டினாப் பிறகுதான் மோனை என்ர கிணறு உவராப் போனது. இடம்பெயர்ந்து திரும்பி வரேக்க நல்ல தண்ணி. அதுக்கடுத்த கோடைதான்.” 1995இன் யுத்த இடப்பெயர்வை வைத்து வருடம் கணிக்க என் மருமகன் அன்றுதான் பழகினான்.

பக்கத்துக் காணிக்காரர் வேறு கதை சொன்னார். மிசின் பூட்டும்போதே ஆச்சியின் கிணறு உவர்தானாம். ஆச்சியின் புருசன் கிணற்றை அளவுக்கு மிஞ்சி ஆழப்படுத்தியதுதான் காரணமாம். வேண்டாம் என்று தான் சொன்னதாம், கேட்கவில்லையாம்.

இருட்டுகிற நேரம் பொடியன் திரும்பி வந்து என் கதிரைக்குப் பக்கத்தில் நின்றான். “மாமா, ரெண்டு பேரும் ரெண்டு மாதிரிச் சொல்லினம். ஆரின்ர கதையை எழுதுறது?” தாமோதரம்பிள்ளைக்கு இதே சிக்கல் ஏட்டுக்கு ஏடு இருந்தது என்று சொல்ல வாயெடுத்தேன், அடக்கிக்கொண்டேன். இரண்டையும் எழுது, யார் சொன்னது என்றும் எழுது, ஆழம் வெட்டின மேசன் உயிரோடு இருக்கிறாரோ என்று விசாரி என்றேன்.

மேசன் இருக்கிறார், கோப்பாயில். முகவரி கேட்க அவன் மறுபடியும் ஆச்சி வீட்டுக்குப் போனான். ஆச்சி படலையடியில் காத்துக்கொண்டு நின்றாவாம்.

“வா மோனை. அவன் உனக்கு என்ன சொன்னவன்?”