வர்த்தமானிக்கு விரோதமான மூக்கு

நான் குறட்டை விடுகிறேன் என்று மனிசி சொல்வதை ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. விடுகிறவனுக்கே கேட்காத சத்தத்துக்கு அவன் எப்படிப் பொறுப்பாளி ஆவான்? தோப்பூரில் இரவுச் சத்தத்துக்கா பஞ்சம்? மழை பெய்தால் வயலெல்லாம் தவளை. காவலுக்குப் போனவர்கள் கொளுத்தும் யானை வெடி வேறு. எங்கள் வீட்டுக் காற்றாடி, நாங்கள் கலியாணம் முடித்த காலத்திலிருந்தே முனகிக்கொண்டிருக்கிறது. இத்தனை பேர் இருக்க என் மூக்கை மட்டும் பிடித்தால் நியாயமா, நீங்களே சொல்லுங்கள்.

வாயால் வாதாடி நான் வீட்டில் வென்ற சரித்திரம் கிடையாது. ஆகவே விஞ்ஞானத்தைத் துணைக்குக் கூப்பிட்டேன். சத்தம் அளக்கும் செயலி ஒன்றைப் போனில் இறக்கி, அது காசு கேட்காத ஒரே காரணத்தால் அதை முழுமையாக நம்பி, ஊரை அளக்கப் புறப்பட்டேன். காலையில் பாண்காரரின் ஓட்டோ பீத்தோவனைப் பாடிக்கொண்டு வந்தது: 78 டெசிபல். உழவு மெசினுக்குப் பக்கத்தில் நீட்டினால் 90. அதற்கு மேல் இலக்கம் ஏற மறுத்துவிட்டது. போனின் மைக் மனிதப் பேச்சுக்கென்று செய்தது, பெரிய சத்தங்களை எண்ண அதற்குத் தெம்பில்லையாம். இருந்தும் கழுத்தில் பட்டி கட்டாத குறையாகத் திரிந்தேன்.

அளக்கிறவனுக்குச் சட்டமும் தெரிய வேண்டுமே என்று 1996ஆம் ஆண்டின் ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளைத் தேடிப் பிடித்தேன். பிரதேச சபைப் பகுதியென்றால் பகலில் 55 டெசிபல், இரவில் 45. சட்டத்தின் இரவு பின்னேரம் ஆறு மணிக்கே தொடங்கிவிடுகிறது. இதையெல்லாம் சாப்பாட்டு நேரத்தில் குடும்பத்தாருக்கு உரத்து வாசித்துக் காட்டினேன். யாரும் என்னை வாசிக்கச் சொல்லவில்லை.

அன்றிரவு போனைக் கட்டிலிலிருந்து ஒரு மீற்றர் தள்ளி வைத்துவிட்டுப் படுத்தேன். விடிந்ததும் மகள் பதிவை லெப்டொப்பில் ஒடாசிட்டிக்குள் போட்டாள். சத்தத்தைப் படமாக விரிக்கும் மென்பொருள் அது; இடமிருந்து வலமாக நேரம் ஓடும், கீழிருந்து மேலாகச் சுருதி ஏறும். எந்தச் சத்தத்தையும் எளிய அலைகளாகப் பிரித்துவிடலாம் என்று பூரியே என்ற பிரெஞ்சுக்காரர் இருநூறு வருசத்துக்கு முன் கணக்குப் போட்டு வைத்ததன் விளைவு. அந்த மனிதருக்கு என்மேல் என்ன கோபமோ!

காற்றாடி அடியில் ஒரு நேர்கோடாக, ஒழுக்கமாக ஓடியது. தவளைகள் நடுவில் புள்ளி புள்ளியாக. இரண்டையும் மிதித்துக்கொண்டு, மூச்சுக்கு ஒன்றாக, அடியிலிருந்து முகடு வரை தூண் தூணாக எழும்பியிருந்தது இன்னொன்று.

"வாப்பா, இது தவளையில்லை" என்றாள் மகள். "தவளை பயந்து நிப்பாட்டின இடமும் இருக்கு."

அதோடு விட்டாளா? 1980களில் ஆராய்ச்சியாளர்கள் நம் திருகோணமலைக் கடலில் நீலத் திமிங்கிலங்களின் குரலைப் பதிவு செய்தார்கள். ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வரும்; விஞ்ஞானிகள் அந்தக் கூவலை இலங்கையின் பெயராலேயே அழைக்கிறார்கள். அதன் படத்தையும் எங்கிருந்தோ தேடியெடுத்து என் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். மனிசி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இதில எது உங்கட வாப்பா?"

என் இலக்கம் 60. சட்டத்துக்குப் பதினைந்துதானே கூட என்று சமாளித்தேன். டெசிபலில் பத்துக் கூடினால் சக்தி பத்து மடங்கு. பதினைந்து என்றால் முப்பது மடங்குக்கும் மேல் என்று மகள் திருத்தினாள். மூக்கு என்ற வார்த்தையே ஒழுங்குவிதிகளில் இல்லை என்றேன். எடுபடவில்லை. பேச்சை மாற்றுவதற்காக, தூரம் இரட்டிக்க இரட்டிக்க ஆறு ஆறு டெசிபலாகக் குறையும் என்ற விசயத்தையும் நானே சொல்லித் தொலைத்தேன். மனிசி விரல் மடித்தாள். இரண்டு மீற்றரில் 54, நாலில் 48, எட்டில் 42.

"அது வெட்டவெளிக்குத்தான். வீட்டுக்குள்ள சுவர் சத்தத்தைத் திருப்பி அடிக்கும், கணக்குச் சரிவராது" என்றேன்.

"அப்ப வெளியில படுங்க."

எட்டு மீற்றர் என்பது எங்கள் வளவில் ஆட்டுக்கொட்டிலடி. ஆடுகள் இதுவரை முறைப்பாடு ஒன்றும் செய்யவில்லை.

எனக்கு மிஞ்சியிருப்பது ஒரே ஒரு மேன்முறையீடு: என் போனே பிழை. அமெரிக்காவின் நயோஷ் நிறுவனம் 2017இல் சத்தம் அளக்கும் செயலியை வெளியிட்டபோது ஐபோனுக்கு மட்டும்தான் வெளியிட்டது. அன்ட்ரொய்டில் கம்பனிக்கு ஒரு மைக், மைக்குக்கு ஒரு குணம். என்னுடையது அன்ட்ரொய்ட், அதிலும் மலிவு. ஆகவே, தரம் பார்த்த ஒலிமானி வைத்திருப்பவர்கள் யாராவது மூதூர்ப் பக்கம் வந்தால், தயவுசெய்து தோப்பூருக்கும் ஒரு எட்டு வாருங்கள். என் போன் ஆறு டெசிபல் கூட்டிக் காட்டுகிறது என்று ஒரு துண்டில் எழுதித் தந்தால் போதும், நாலு மீற்றர்வரை உள்ளே வந்துவிடுவேன். நாலு மீற்றர் எங்கள் விறாந்தை. மாரி தொடங்க முதல் வந்தால் நல்லது.