துருத்தியும் இரண்டு மத்யமமும்

கேள்வி: மகள் பள்ளியில் பாடும் ‘ஹம்கோ மன் கி சக்தி தேனா’ பாட்டை ஆர்மோனியத்தில் வாசிக்க ஆசை. இந்தி சுத்தமாகத் தெரியாது. முடியுமா?
– ஒரு வாசகி, வேலூர்

பதில்: ஆர்மோனியத்துக்கும் இந்தி தெரியாதே அம்மா! தாராளமாக வாசிக்கலாம். அதிலும் இந்தப் பாட்டில் உங்கள் ஊருக்குத் தனி உரிமை உண்டு. 1971-இல் வந்த ‘குட்டி’ என்ற இந்திப் படத்துக்காக, வசந்த் தேசாய் இசையில் இதைப் பாடிய வாணி ஜெயராம் வேலூரில் பிறந்தவர். எழுதியவர் குல்சார்.

மெட்டு கேதார் ராகத்தைத் தழுவியது. கர்நாடக இசையின் ஹமீர்கல்யாணி ராகம் கேட்ட காதுக்கு அது அந்நியமாக இராது. கேதாரில் இரண்டு மத்யமமும் உண்டு; புது விரல் தடுமாறுவது அங்கேதான். ஒரு கட்டைச் சுருதி வைத்தால் சுத்த மத்யமம் வெள்ளைக் கட்டை, பிரதி மத்யமம் அதை ஒட்டிய கறுப்புக் கட்டை. இரண்டையும் மாற்றி மாற்றி அமுக்கிக் காதுக்குப் பழக்கிவிடுங்கள்.

விரலைவிட முக்கியம் இடது கை. சுரத்துக்கு ஓர் அமுக்கு என்று துருத்தியை அடிக்காதீர்கள். ஸட்ஜத்தை மட்டும் அமுக்கி, ஒலி ஏறாமல் இறங்காமல் நிற்கும்வரை மெதுவாக இயக்கிப் பழகுங்கள். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு இழைந்து செல்வது ஆர்மோனியத்தால் ஆகாத காரியம். அதை மகளின் குரலுக்கு விட்டுவிடுங்கள், நீங்கள் நேர்சுரம் வாசித்தால் போதும். கட்டையை எண்ணி மனப்பாடம் செய்ய வேண்டாம். சுரமாகப் பாடிப் பழகினால்தான், அவள் சுருதியை ஏற்றும்போது நீங்களும் கூடவே ஏற முடியும்.