கந்தக பூமியில் மாயாவிகள்: கரண்ட் கட்டை முன்வைத்து ஓர் ஆய்வு

ஹாரி பாட்டர் கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றி உலகெங்கும் வெளிவந்துள்ள ஏக்கக் கட்டுரைகளில் அடிப்படைக் குறை ஒன்று உண்டு. அவற்றை எழுதியவர்கள் நாள் முழுக்கக் கரண்ட் இருக்கும் ஊர்க்காரர்கள். கந்தக பூமியான சிவகாசிப் பக்கம், திருத்தங்கலிலும் சாத்தூரிலும் அதை ஆடியவனின் தரவு ஆய்வுலகின் பார்வைக்கு வரவேயில்லை. அக்குறையைக் களைய இக்கட்டுரை முற்படுகிறது.

முதலில் மூலபாடம். எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் 2001-ல் முதல் நாவலை விளையாட்டாக்கியது. மறு ஆண்டே இரண்டாவது வந்தது. கம்ப்யூட்டர் பதிப்பில், திரையில் தெரியும் உருவத்தின் மேல் மவுஸைப் பிசகாமல் ஓட்டினால் மந்திரம் கைவரும். முதலில் கைவருவது ‘ஃப்ளிபெண்டோ’. ஹாரி பாட்டரை எழுதிய ரௌலிங்கின் நாவல்களில் இந்த மந்திரம் கிடையாது, விளையாட்டுக்கென்றே உண்டாக்கியது. நம் பையன்களோ நாவலைக் கண்ணால் கண்டதில்லை. பின்னாளில் வாங்கிப் படித்தவன், “முக்கியமான மந்திரத்தையே அந்தம்மா விட்டுட்டாங்க” என்றுதான் சொல்வான். பாடபேத ஆய்வாளர்கள் கவனிக்க.

அந்த விளையாட்டில் நினைத்த இடத்தில் சேவ் செய்ய முடியாது. ஆங்காங்கே ஒரு புத்தகம் அந்தரத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். ஹாரி ஓடிப்போய் அதைத் தொட்டால்தான் அதுவரை ஆடியது நிலைக்கும். இதை வடிவமைத்தவர்கள் தமிழ்நாட்டின் 2008-க்குப் பிந்தைய மின்வெட்டைக் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை. 2012-ல் சென்னைக்கு வெளியே மணிக்கணக்கில் கரண்ட் போனது. நிகழ்வு இப்படி: புத்தகம் கண்ணுக்குத் தெரிகிறது. ஹாரி ஓடுகிறான். தெருமுனை அச்சாபீஸில் ஆப்செட் மெஷின் சத்தம் சட்டென்று அடங்குகிறது. மானிட்டர் நடுவே வெள்ளைப் புள்ளி ஒன்று மின்னி மறைகிறது. அடுப்படியிலிருந்து குரல்: “அதான் போயிருச்சுல்ல, ரேசன் கடைக்காச்சும் போயிட்டு வா.”

தொல்காப்பிய முறைப்படி இதற்குத் திணை வகுக்கலாம். நிலம், அரை இருட்டான முன்னறை. பொழுது, கரண்ட் இருக்கும் பொழுது. உரிப்பொருள் ஐயத்துக்கு இடமின்றி இரங்கல். இரங்கல் நெய்தலுக்கு உரியது என்பதால், கடற்கரையே இல்லாத விருதுநகர் மாவட்டம் நெய்தல் நிலமாகிறது. புலவர்கள் ஆட்சேபிக்கலாம், அவர்கள் அந்த விளையாட்டை ஆடியதில்லை.

இக்கட்டுரையின் தலையாய கண்டுபிடிப்பு இனிமேல்தான் வருகிறது. சிவகாசிக்கு மாயம் 2001-ல் வந்த சரக்கல்ல. 1972-லேயே இவ்வூரிலிருந்து முத்து காமிக்ஸ் ‘இரும்புக்கை மாயாவி’யை வெளியிட்டுவிட்டது. பிரிட்டிஷ் சித்திரக்கதையில் பிறந்த அந்த மாயாவி மின்சாரம் பாய்ந்தால் மறைந்துபோவான். இரும்புக்கை மட்டும் தெரியும். ஆக, அப்பாவின் நாயகன் கரண்ட் வந்தால் மறைந்தான், மகனின் நாயகன் கரண்ட் போனால் மறைந்தான். இரு தலைமுறை மாயத்துக்கும் மூலகாரணம் மின்வாரியமே என்பது இதனால் பெறப்படும். (அப்பாக்கள் இந்த முடிவை ஏற்கவில்லை. மாயாவி முழுசாக மறையமாட்டான் என்பது அவர்கள் வாதம், நியாயமானதுதான்.)

நிறக்கோட்பாட்டையும் தொட்டுச் செல்வோம். ரௌலிங்கின் உலகில் உயிரைக் கொல்லும் மந்திரம் பச்சை ஒளியாகப் பாயும். லண்டன் பிள்ளை பயப்படும். வீட்டில் ஒருவராவது பட்டாசு ஆபீசுக்குப் போகும் சிவகாசிப் பிள்ளைக்குப் பச்சை என்றால் பேரியம், சிவப்பு என்றால் ஸ்ட்ரான்சியம். வேலை விட்டு வரும் சித்தப்பாவின் முழங்கை வரை அலுமினியப் பொடி ஒட்டி வெள்ளி மாதிரி மினுங்கும். சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் நிற்கும். அந்தக் கையைப் பார்த்து வளர்ந்தவனை ஹாக்வார்ட்ஸ் மந்திரப் பள்ளி ஆசிரியர்கள் மிரட்ட முடியாது. 2018-ல் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகளுக்குத் தடை விதித்தது. பச்சையை ஒழிக்க மந்திர உலகின் அமைச்சகத்தால் ஏழு நாவல்களிலும் முடியாததை நம் நீதிபதிகள் ஒரே தீர்ப்பில் செய்ய முனைந்தார்கள். பேரியத்தை நம்பிப் பிழைத்த தெருக்களில் அந்தத் தீர்ப்பை யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

2011 செப்டம்பர் 15-ல் அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. மடிக்கணினிக்குப் பேட்டரி உண்டு. வீட்டுக்கு ஒன்றாக அது வந்து சேரச் சேர, கரண்ட் போனாலும் ஹாரி நின்றான். இரங்கல் திணை அழிந்தது. அதற்குப் பிந்தையவர்களின் ஏக்கம் ஆய்வுக்குத் தகுதியற்றது என்பது இக்கட்டுரையாளரின் தீர்மானமான கருத்து.

முத்து காமிக்ஸ் இன்றும் சிவகாசியிலிருந்து வருகிறது. அந்தப் பழைய விளையாட்டுகள் கடையில் விற்பனைக்கு இல்லை. விருதுநகர் மாவட்டத்தில் கீறல் விழாத சி.டி. வைத்திருப்பவர்கள் அதைக் காக்கா விரட்ட மாடியில் கட்டித் தொங்கவிடாமல் ஆய்வுக்குத் தந்து உதவுங்கள். ஓடும் சி.டி. டிரைவும் இருந்தால் ரொம்ப நல்லது.