கேட்டோரம் ஒரு தபால் பெட்டி

லாரிக்கே பாடி கட்டும் நாமக்கல்லில் தபால் பெட்டிக்கு ஒரு கம்பம் நட முடியாதா என்று இறங்கினேன். அரை அடியிலேயே கடப்பாரை 'டங்'கென்றது. ஊர்ப் பெயரிலேயே கல் இருக்கிறதே! பைப்பை நிறுத்தி, ஜல்லி சிமெண்ட் போட்டு, மூன்று நாள் தண்ணீர் ஊற்றினேன். பெட்டியில் 637001 என்றும் எழுதியாயிற்று. 1972 ஆகஸ்ட் 15-ல் வந்த பின்கோடுக்கு நம் மரியாதை.

"இப்ப யாருங்க கடுதாசி போடறாங்க?" என்றார் தபால்காரர். பதிவுத் தபாலையும் 2025-ல் விரைவு அஞ்சலோடு சேர்த்துவிட்டார்கள். அதற்குக் கையெழுத்து வேண்டும், பெட்டி போடாது. கரண்ட் பில் செல்போனில் வருகிறது. கல்யாணப் பத்திரிகையோ, நேரில் வந்து வைத்தால்தான் நம்மூரில் போவார்கள்.

தினமும் காலையில் பெட்டிக்குள் இரண்டு பால் பாக்கெட் இருக்கிறது. வெயில் ஏறுமுன் எடுத்துவிட வேண்டும்.