12 படம் போதுமா?

கேள்வி: டிஜிட்டல் கேமரா இருக்கும்போது கல்யாணப் படம் எடுக்க மீடியம் ஃபார்மட் ஃபிலிமையும் எதற்குச் சுமக்கிறீர்கள்?

பதில்: தாலி கட்டும் நொடிக்கு டிஜிட்டல்தான், அங்கே ஃபிலிமை நம்பி நிற்கமாட்டேன். முகூர்த்தம் முடிந்து மணமக்களை ஜன்னலோரம் உட்காரவைத்ததும் ஃபிலிம் கேமரா வெளியே வரும். ‘120’ வகை ரோல் ஒன்றில் 6×6 செ.மீ. அளவுக்கு 12 படம். டிஜிட்டலில் அது ஒரு தும்மல் நேரம். இங்கே ஒரு முழு மதியம்! நெகடிவ் 35 மி.மீ. ஃபிலிமைவிட மூன்றரை மடங்கு பெரியது. பட்டின் ஜரிகை இழை இழையாக விழும். ஃபிலிமுக்கும் டிஜிட்டலுக்கும் குணம் வேறு. நெகடிவுக்கு வெளிச்சம் குறைந்தால் நிழலில் ஒன்றும் தேறாது, கொஞ்சம் கூடினால் தாங்கும். டிஜிட்டலில் வெளுத்துப்போன வானம் திரும்ப வராது. தாத்தாவின் பழைய கேமரா பரணில் கிடந்தால் விற்றுவிடாதீர்கள். ஒரு ரோல் போட்டுப் பாருங்கள்.