முக்கால் சாண் வண்டி

எங்கள் வீட்டுக்கு இடதுபக்கம் லாரி பாடி கட்டும் பட்டறை. வலதுபக்கம் முட்டை குடோன். இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து, நாற்பத்தேழு வயதில், பிளாஸ்டிக் கார் ஒட்டிக்கொண்டிருந்தேன். நாமக்கல்காரனுக்கு இது எவ்வளவு பெரிய தலைக்குனிவு என்பது வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது.

நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் ஓசூரிலிருந்து லாரி சேசிஸ் வெறும் எலும்புக்கூடாக வரும். கேபின் கிடையாது, கதவு கிடையாது. இரண்டு நீள இரும்புச் சட்டம், இஞ்சின், ஸ்டியரிங், சக்கரங்கள், அவ்வளவுதான். ஒரு பலகையைக் கட்டி அதன்மேல் உட்கார்ந்து, காதை மூடித் துண்டைச் சுற்றிக்கொண்டு டிரைவர் ஓட்டி வருவார். தருமபுரிக் காற்று, சேலத்து வெயில், ராசிபுரத்துத் தூசி எல்லாம் அவர் முகத்திலேயே இருக்கும். அந்த எலும்புக்கூடு பட்டறைக்குள் போகும். சில வாரம் கழித்து மரமும் தகரமும் ஏறி, பூ வரைந்து, சாமி பெயர் எழுதி, கல்யாணப் பெண் மாதிரி வெளியே வரும். உள்ளே பிளான் பேப்பர் என்று ஒன்றும் இருக்காது. மேஸ்திரி காதில் ஒரு பென்சில் இருக்கும்.

இப்படிப்பட்ட ஊரில் படம் போட்ட புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து ஒருவன் பொம்மைக் கார் ஒட்டினால் ஊர் என்ன சொல்லும்?

நான் தேடியது அப்பா ஓட்டிய அம்பாசிடரை. உத்தர்பாராவில் 2014 வரை, அரை நூற்றாண்டுக்கு மேல் செய்து தள்ளிய வண்டி அது. அதை ஒட்டிச் செய்கிற பெட்டி ஒன்றுகூட எனக்குச் சிக்கவில்லை. சிக்கியது ஃபோக்ஸ்வாகன் பீட்டில். அளவு இருபத்து நான்கில் ஒன்று. நிஜ வண்டியின் நீளம் நாலு மீட்டருக்குக் கொஞ்சம் மேல். அதை 24-ஆல் வகுத்தால் 17 சென்டிமீட்டர். நம் கணக்கில் முக்கால் சாண்.

பெட்டியைத் திறந்ததும் மூச்சு நின்றது. சேலம் மாவட்டத்தை 1997-இல் பிரித்தபோதுகூட இரண்டு துண்டுதான் ஆனது. இதில் நூற்றுச் சொச்சம். பிளாஸ்டிக் சட்டங்களில் பாகங்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. எட்டிப் பார்த்த வீட்டம்மா கேட்டாள்: "ஏனுங்க, ஒடஞ்சதையே வாங்கியாந்திட்டீங்களா?"

இந்தக் கூத்தின் பழைய கதையைத் தேடிப் படித்தேன். இங்கிலாந்தில் ஏர்ஃபிக்ஸ் என்றொரு கம்பெனி. 1949 வாக்கில் ஃபெர்குசன் டிராக்டர்காரர்கள், விற்பனையாட்கள் கையில் கொடுத்தனுப்பச் சின்ன மாதிரி டிராக்டர் கேட்டார்கள். ஏர்ஃபிக்ஸ் ஆட்கள் உட்கார்ந்து ஒட்டி ஒட்டிக் கொடுத்தார்கள். கூலி கட்டவில்லை. கடைசியில், அதே டிராக்டரை ஒட்டாமல் துண்டுகளாகவே கடையில் விற்றார்கள். அந்த மூளைக்குக் கும்பிடு போட வேண்டும். எங்கள் ஊரில் சேசிஸ் கொண்டுவருகிறவர் காசு கொடுப்பார், பட்டறைக்காரர் வேலை செய்வார். இங்கே காசையும் நானே கொடுத்து, கூலி வேலையும் நானே செய்கிறேன். அந்த ஃபெர்குசனின் வாரிசான மாஸி ஃபெர்குசன் எங்கள் சித்தப்பா தோட்டத்தில் நிற்கிறது. அடுத்த தடவை போனபோது அதை ஒரு முறை முறைத்துவிட்டு வந்தேன்.

பாகத்தைச் சட்டத்திலிருந்து வெட்ட அதற்கென்று ஒரு கட்டர் உண்டாம். நான் நகவெட்டியால் வெட்டினேன். வெட்டிய இடத்தில் மரு மாதிரி ஒரு முனை நிற்கும். அதை வாட்டர் பேப்பர் வைத்துத் தேய்க்க வேண்டும். தேய்த்ததில் முனை போனது, கூடவே பம்பரில் கால்வாசியும் போனது. அதற்கான பசையும் வேறு ரகம். நம் வீட்டுப் பசை மாதிரி இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து பிடித்துக்கொள்ளாது. பிளாஸ்டிக்கையே லேசாக உருக்கி ஒன்றோடொன்று கலந்துவிடும். தண்ணீர் மாதிரி இருக்கும், இடுக்கில் ஒரு சொட்டு காட்டினால் தானே ஓடிப்போய்ச் சேரும். என் கட்டைவிரலுக்கு அடியிலும் ஓடிப்போய்ச் சேர்ந்தது. வண்டியின் கூரையில் இன்றைக்கும் என் ரேகை இருக்கிறது. பத்திரப் பதிவுக்குத் தாராளமாகப் போதும்.

முன்கண்ணாடிக்கு மட்டும் பொறுமை இல்லாமல் ஐந்து ரூபாய் ட்யூப் பசையை வைத்துவிட்டேன். அது காயும்போது ஆவி விடும் என்றும், அந்த ஆவி கண்ணாடிப் பிளாஸ்டிக்கில் வெள்ளையாகப் படியும் என்றும் காலையில்தான் தெரிந்தது. மார்கழி விடியற்காலையில் கொல்லிமலை ஏறுகிற வண்டி மாதிரி கண்ணாடி முழுக்கப் பனி.

முகப்பு விளக்கின் கண்ணாடி இரண்டையும் கழுவி, மொட்டைமாடியில் ஒரு துணியில் காய வைத்தேன். சின்னச் சின்ன உருண்டை, பளிங்கு மாதிரி. பக்கத்துத் துணியில் வீட்டம்மா ஜவ்வரிசி வடகம் ஊற்றியிருந்தாள். சேலம், நாமக்கல் சுற்றுவட்டாரத்தில் மாடியில் எதையாவது காய வைக்கிறவன் இதை யோசித்திருக்க வேண்டும். காற்று அடித்தது. ஒரு விளக்கு கிடைத்தது. இன்னொன்றைத் தேடி வடகம் வடகமாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். வெந்த ஜவ்வரிசிக்கும் அதற்கும் கண்ணால் வித்தியாசம் காண ஆண்டவனால்தான் முடியும். அந்த மாதம் முழுக்க வடகத்தை நான் மெதுவாகவே மென்றேன்.

பெயிண்ட் அடிக்கிற கட்டம் வந்தபோது மானத்தை விட்டுப் பக்கத்துப் பட்டறைக்குப் போனேன். முப்பது வருஷமாக லாரிக்குப் பெயிண்ட் அடிக்கிற பெரியவர். வண்டியை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ஏனுங் தம்பி, இஞ்சினைப் பின்னாடி ஒட்டிப்போட்டீங்களே?"

"இந்த வண்டிக்கு இஞ்சினே பின்னாடிதானுங்கண்ணா. ரேடியேட்டரும் கிடையாது, காத்துலயே ஆறிக்கும்."

"ரேடியேட்டர் இல்லாம கொல்லிமலை எழுவது வளைவும் ஏறீருமா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஒட்டுப்போட்ட இடங்களை விரலால் தடவியவர், "பட்டி சரியாப் பாக்கல. பெயிண்ட்டு பொய் சொல்லாதுங்க, அடியில இருக்கிறத அப்படியே காட்டிப்போடும்" என்றார். கூடவே ஒரு பாட்டிலில் மிச்சம் இருந்த தின்னரும் கொடுத்தார், பெயிண்ட் அடிக்குமுன் துடைக்க. லாரித் தகரத்துக்கான தின்னர் அது. கதவோரம் ஒரு துடைப்பு துடைத்தேன். பிளாஸ்டிக் பாயசம் மாதிரி இளகிவிட்டது. அதற்குத் தின்னர் என்று பெயர் வைத்தவன் தமிழனாகத்தான் இருக்க வேண்டும். தின்றே விட்டது.

மறுபடி பட்டி, மறுபடி வாட்டர் பேப்பர், கடைசியில் மூன்று கோட்டு நீலம். மூன்றாவது கோட்டு ஈரமாக இருக்கும்போது முட்டை குடோன் பக்கமிருந்து ஒரு ஈ வந்து பானட்டில் உட்கார்ந்தது. கோழிப்பண்ணை ஊரில் ஈ வருவது புதிதில்லை. ஆனால் அளவைப் போட்டுப் பார்த்தேன். ஏழு மில்லிமீட்டர் ஈயை 24-ஆல் பெருக்கினால் சிட்டுக்குருவியைவிடப் பெரிசு. நிஜ வண்டியில் ஈரப் பெயிண்ட்டின் மேல் ஒரு குருவி உட்கார்ந்து, காலை எடுக்க முடியாமல் சிறகடித்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது. ஈயை எடுத்துவிட்டேன். ஒரு கால் மட்டும் உள்ளே இருக்கிறது.

இப்படி ஒன்பது மாதம். பட்டறையில் அதற்குள் எத்தனை லாரி வெளியே போனது என்று நான் எண்ணவில்லை. வேண்டுமென்றேதான்.

தொலைந்த விளக்குக்குப் பதில் வீட்டம்மாவின் பழைய கொலுசிலிருந்து உதிர்ந்த மணி ஒன்று பொருந்தியது. செவ்வாய்ப்பேட்டை வெள்ளி. ஒரு கண் பளிங்கு, ஒரு கண் வெள்ளி. பெரியவரே வீட்டுக்கு வந்து, நாலே நாலு மயிர் விட்டுக் கத்தரித்த பிரஷ்ஷால் மூச்சைப் பிடித்துக்கொண்டு டிஎன் 28 என்று நம்பர் எழுதினார். அவர் கை நடுங்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்த என் கை நடுங்கியது.

"பூசை போடோணுமில்லீங்க" என்றார் எழுந்து. புதுவண்டி எதுவும் எங்கள் ஊரில் எலுமிச்சையை நசுக்காமல் தெருவைத் தாண்டாது. வீட்டம்மா எலுமிச்சம்பழம் கொண்டுவந்தாள். சக்கரத்தைவிடப் பழம் பெரிசு. இந்த அளவுக்கு அது பாறாங்கல். நான் காகிதத்தில் கணக்குப் போட்டேன்: நாலு சென்டிமீட்டர் பழம், வகுத்தல் 24, ஒன்றரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல்.

"கடுகு" என்றாள் அவள், நான் முடிப்பதற்குள். அஞ்சறைப்பெட்டி வந்தது. நாலு சக்கரத்துக்கும் நாலு கடுகு வைத்தோம். பெரியவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். நான் வண்டியைப் பின்னாலிருந்து மெல்லத் தள்ளினேன்.

கடுகு நசுங்கவில்லை. முன்சக்கரம் கழன்று சோபாவுக்கு அடியில் உருண்டு போனது.

குனிந்து பார்த்துவிட்டுப் பெரியவர் கேட்டார்: "ஸ்டெப்னி இருக்குதுங்களா தம்பி?"