டு-லெட் சார்

சென்னையில் ஆடி மாதம் யாரும் வீடு மாற மாட்டார்கள். அந்த ஒரு மாதமாவது வீட்டுக்காரர்கள் கொஞ்சம் இளகியிருப்பார்கள் என்று நம்பி மடிப்பாக்கம் பக்கம் கிளம்பினேன். இளகவில்லை.

டு-லெட் சாரை உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஓய்வுபெற்றவர். கீழ்வீட்டு வராந்தாவில் நாற்காலி, மடியில் சாவிக்கொத்து, தலைக்கு மேலே காலியாகக் கிடக்கும் மாடி போர்ஷன். மோட்டார் போடுவதும் நிறுத்துவதும் தவிர வேறு உத்தியோகம் இல்லை. அதனால் குடித்தனம் கேட்டு வருகிறவர்களுக்குக் கலெக்டர் வேலைக்கு ஆள் எடுப்பதுபோல நேர்முகத் தேர்வு நடத்துவார்.

ஆணுக்கு ஒரு கேள்வித்தாள், பெண்ணுக்கு வேறொன்று. எனக்கு முன்னால் நின்ற ஐ.டி. பையனிடம், "தண்ணி உண்டா?" என்றார். என்னிடம், "தண்ணி ரொம்பச் செலவாகுமே" என்றார். அவன் குடிப்பான், நான் குளிப்பேன். சார் கணக்கில் இரண்டுமே குற்றம். "சமையல் கிமையல்னு சுவரைக் கரியாக்கக் கூடாது" என்பது அவனுக்கு. "தினம் சமைப்பீங்க இல்ல? அடுப்பெரியாத வீடு விளங்காது" என்பது எனக்கு. ஆணி விவகாரம் இன்னும் விசேஷம். "சுவர்ல ஆணி அடிக்கவே கூடாது" என்று அவனை மிரட்டியவர், என் பக்கம் திரும்பி, "ஒரு ஆணி அடிக்கணும்னாகூட யாரைம்மா கூப்பிடுவீங்க?" என்று உண்மையாகவே கவலைப்பட்டார்.

"பேச்சிலருக்குக் குடுக்கறதில்ல தம்பி" என்று பையனை ஒரே வரியில் அனுப்பிவிட்டார். எனக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. "உங்களுக்குக் குடுக்கலாம்தான். ஆனா பொறுப்பா ஒரு ஆம்பளை பேசணுமே?"

நான் வங்கியில் வீட்டுக்கடன் பிரிவு அதிகாரி. கட்டுகிற வீட்டுக்கு என் கையெழுத்து செல்லும், கட்டிய வீட்டில் குடியேறத்தான் செல்லாது போலிருக்கிறது. மறுநாள் தம்பியை அழைத்துப் போனேன். அவன் மூன்று வருடமாகக் குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிறான். பெட்ரோலுக்கு என்னிடம்தான் வாங்குகிறான். சார் எழுந்து நின்று அவனுக்கு நாற்காலி போட்டார். "வாடகை பதினெட்டு, அட்வான்ஸ் பத்து மாசம். தம்பிக்கு சரியா வருமா?" தம்பி என்னைப் பார்த்தான். சார் நான் அங்கே இருப்பதையே மறந்திருந்தார்.

நான்தான் குறுக்கே புகுந்தேன். 2017-இல் தமிழ்நாடு இயற்றி 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, இருவருக்குள் வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது. கணக்குப்படி 54,000 ரூபாய்தான் என்றேன். சார் தம்பியிடம், "அக்கா நல்லாப் பேசறாங்க" என்றார். பிறகு, "அந்த வேறு உடன்பாடுதான் பத்து மாசம்" என்று சிரித்தார். சட்டம் தெரிந்த மனிதர்தான். வீட்டுக்குள் வருமுன் 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பதையும் சொல்லிவைத்தேன். "நம்ம வீடுதானேம்மா" என்றார்.

கடைசியில் ஆறு மாத அட்வான்ஸுக்கு இறங்கினார். இறங்குவதற்கு முன், "வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்று இரண்டு தடவை உள்ளே போய்வந்தார்.

ஆவணி பிறந்ததும் ஒப்பந்தம். முத்திரைத்தாளில் உரிமையாளர் இடத்தைக் காட்டி, "சார், இங்கே" என்றேன். சார் பேனாவைத் தொடவில்லை. உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். ஈரக் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்தபடி அந்த அம்மா வந்து கையெழுத்துப் போட்டார். பள்ளிக்கூட டீச்சராக இருந்து, பி.எஃப். பணத்தில் அவர் கட்டிய வீடாம்.

அதற்குக் கீழே சாட்சி 1 என்ற இடத்தில் சார் கையெழுத்துப் போட்டார். சாட்சி 2, என் தம்பி.